கல்வியாய்வும் செய்தியெழுத்தும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகுங் கிழமையிலே வெள்ளவத்தைக் காலி வீதியிற் சிறிது தூரம் நடந்து செல்வோர் எவருக்கும் ஒரு காட்சி தப்பாது. மதில்தோறும் மின்கம்பந்தோறும் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரத் துணிகள். அவற்றிலே மாணவர் முகங்கள். முகங்களின் கீழே எண்கள். கொட்டாஞ்சேனையிலும் இதுவே நிலை. விற்பவன் தன் சரக்கைப் புகழ்ந்து விற்பது உலகியல். அதனைப் பிழையென்பார் யாருமிலர். ஆனால் அதே முகங்களும், அதே எண்களும், அதே அடைமொழிகளும் மறுநாட் காலையிற் செய்தியென்னும் பெயர் தாங்கிப் பத்திரிகையின் பத்திகளில் வந்து நிற்குமாயின், படிப்பவர் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது?

விளம்பரத்தைப் பற்றி எழுதுதல் இங்கு என் நோக்கமன்று. கல்வி பற்றிய ஆராய்ச்சிகளும் அளவீடுகளும் நம் பத்திரிகைகளிற் செய்தியாகும் முறையைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றேன். ஆராய்ச்சி செய்தவர் இருநூறு பக்கங்களில் வரையறைகள் பலவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொல்லியதை, நிருபர் ஐந்து வரியிலே துணிந்து சொல்லிவிடுகின்றார். அத்துணிவை நம்பிப் பெற்றோர் பிள்ளையின் பாடசாலையை மாற்றுகின்றனர், மொழிமூலத்தை மாற்றுகின்றனர், வட்டிக்குக் கடன்பட்டுத் தனிவகுப்புக்கு அனுப்புகின்றனர். துடுப்பாட்டச் செய்தியிலே ஓர் எண் பிழைத்தால் மறுநாள் திருத்தத்தோடு அது முடியும். கல்விச் செய்தியிற் பிழைத்த எண்ணோ ஒரு பிள்ளையின் பத்தாண்டை விழுங்க வல்லது. சிலபோது ஒரு சமுதாயத்தின் அரை நூற்றாண்டையும் விழுங்கும்.

அவ்வாறு விழுங்கியதொன்றை நாம் எல்லோரும் அறிவோம். 'தரப்படுத்தல்' என்னுஞ் சொல் நம்மவர் நாவில் ஐம்பதாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது. 1970ஆம் ஆண்டிலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தெரிவானோருள் தமிழ் மாணவர் தொகை மிகப் பெரிது என்ற பேச்சு எழுந்தது. தமிழ்ப் பரீட்சகர் தம்மவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற வதந்தியும் உடன் கிளம்பிற்று. அதனை மெய்யென எவரும் நிறுவினாரல்லர். விடைத்தாளைப் பார்த்தவர் யார், எத்தனை விடைத்தாள், எதனோடு ஒப்பிட்டு 'மிகை' என்று கண்டார் என்னும் மூன்று வினாக்களை அன்று பொதுமேடையில் உரக்கக் கேட்டிருந்தால் வதந்தி அந்த அளவிலே நின்றிருக்கக் கூடும். நில்லாமையால் 1971ஆம் ஆண்டு அனுமதியிலே பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 227 புள்ளிகளும் பெறல் வேண்டுமென்றாயிற்று. மருத்துவத்துக்கு அவ்வெல்லைகள் 250, 229 என நின்றன.

இனி, நம் பக்கத்துக் குறையையும் சொல்லுதல் வேண்டும். 1971இல் நிகழ்ந்தது புள்ளிவிவரவியலார் தரப்படுத்தல் என்று கூறும் எதுவுமன்று. மொழிக்கொன்றாக இரண்டு வெட்டுப்புள்ளிகள், அவ்வளவே. 1973இல் வந்தது வேறு: இரு மொழிமூலத்தார் பெற்ற புள்ளிகளையும் ஒரு பொது அளவுக்கு மாற்றி, தெரிவாவோர் தொகை அவ்வம்மொழியில் தோற்றியோர் தொகைக்கு இசைய நிற்குமாறு செய்தனர். தரப்படுத்தல் என்ற பெயர் சொற்பொருளால் உரியது இதற்கே. 1974இல் வந்தது மூன்றாவது: மாவட்டத்துக் குடித்தொகை நோக்கி இடங்களைப் பங்கிட்டனர். முதலிரண்டும் மொழியை நோக்கின. மூன்றாவது இடத்தை நோக்கிற்று. ஆகலின் அவற்றால் வந்த நட்டமும் ஒரே வகைத்தாயிருக்கவில்லை. மாவட்டப் பங்கீட்டால் யாழ்ப்பாணத்தாரும் கொழும்பு வாழ் தமிழரும் இழந்தனர். மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் போன்ற பகுதிகளின் பிள்ளைகளுக்கு முன்னில்லாத வழி ஒன்று சிறிது திறந்தது.

இம்மூன்றையும் ஒரே சொல்லிற் கட்டி 'தரப்படுத்தற் கொடுமை' என்று எழுதுவது நமக்கு எளிதாயிற்று. எழுதிப் பழகியபின், இன்றும் நடைமுறையிலுள்ள மாவட்ட முறையைப் பற்றி எழுத வேண்டிய இடத்திலும் அதே சொல்லே பேனாவில் வந்து நிற்கின்றது. இன்று பெரும்பாலான துறைகளிலே நூற்றுக்கு 40 இடம் திறமை நோக்கியும், 55 இடம் மாவட்டம் நோக்கியும், 5 இடம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்கள் நோக்கியும் வழங்கப்படுகின்றன. இதனால் மலையகத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவன் பெறுவது யாது, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பிள்ளை ஒருவன் இழப்பது யாது என்று பிரித்தெழுதிய தமிழ்ச் செய்தி ஒன்றைக் காண்டல் அரிது. பிரித்தெழுதினால் நம் முறையீட்டின் வலிமை குன்றிவிடும் என அஞ்சுவாருமுளர். யான் அவ்வாறு கருதவில்லை. 250க்கும் 227க்கும் இடையிலுள்ள 23 புள்ளிகளைப் போல உரத்துப் பேசுஞ் சான்று பிறிதில்லை; அதனோடு வேறொன்றைக் கலக்கும்போதே அதன் குரல் தாழ்கின்றது.

சொல்லை அதன் பொருளெல்லைக்குள் நிறுத்தல் பண்டிதர் தொழில் என்று நகைப்பவர்கள் பத்திரிகை உலகிற் சிலருண்டு. நகைக்கட்டும். நம் உரையாசிரியர்கள் பிறர் கொள்கையைக் கூறவேண்டிய இடத்திலே அதனை அப்பிறர் சொல்லியவாறே முதலில் நிறுத்திக் காட்டுவர். அதன் பின்னரே மறுப்பர். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய பெருமக்களும் அவ்வழியினரே. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், உ. வே. சாமிநாதையர் 1892இற் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோதும், தமக்குக் கிடைத்த ஏடுகள் யாவர் உதவியவை, எந்நிலையில் இருந்தவை என்பவற்றை முகவுரைகளில் எழுதிச் சென்றனர். ஓர் ஊரிலே கிடைத்த ஒரே ஏட்டைக்கொண்டு 'தமிழகமெங்கும் பாடம் இதுவே' என்று அவர்கள் சொல்லத் துணிந்ததில்லை. இற்றைநாள் ஆராய்ச்சியாளர் 'மாதிரி' என்று வழங்குவது இதனையே. எத்தனை பாடசாலைகள், எவ்வெம்மாகாணங்கள், எழுமாற்றாகத் தெரிந்தனவா, அணுகுதற்கு எளியன என்று எடுத்துக்கொண்டனவா என்பவை ஏடு தந்தவர் பெயரைப் போல்வன. அவற்றைக் கூறாத கல்விச் செய்தி, ஏடு எது என்று கூறாத பதிப்பே.

(எழுமாற்று, நியம விலகல் முதலிய இச்சொற்களை நம் பாடநூல்கள் எடுத்தாண்டு எத்தனையோ ஆண்டுகளாயின. அரசகரும மொழித் திணைக்களத்தார் பலர் கூடியிருந்து ஆக்கிய கலைச்சொற்கோவைகளின் வழியே வளர்ந்த மரபு அது. பாடசாலையிலே வழங்குஞ் சொற்கள் பத்திரிகைப் பணிமனைக்குள் நுழைய இன்னும் அனுமதிச் சீட்டுப் பெறவில்லை போலும்.)

எண்ணுக்குப் பின்னே மறைந்து நிற்கும் கூட்டத்தைக் கேளாமல் எழுதுவதனால் வருங் கேட்டுக்கு 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை ஒரு பாடம். அதனை விளங்க வேண்டின் இசட் புள்ளி என்பது யாதென்று அறிதல் வேண்டும். எம் கலாசாலைக் கணித ஆசிரியர் மாணவர்க்குக் கூறும் விளக்கம் எனக்கு மிகவும் உவப்பானது. ஒரு பாடத்தில் தோற்றிய எல்லோருடைய புள்ளிகளுக்கும் இடையைக் காண்க. ஒருவனுடைய புள்ளியிலிருந்து அவ்விடையைக் கழிக்க. எஞ்சியதை நியம விலகலால் வகுக்க. ஒரு பாடத்தில் இடை 40, விலகல் 10 என்க. 60 புள்ளி பெற்றவனுடைய இசட் புள்ளி 2. வேறொரு பாடத்தில் இடை 55, விலகல் 15 என்க. அங்கே 70 பெற்றவனுடைய இசட் புள்ளி 1 மட்டுமே. எழுபது அறுபதிற் பெரிது என்பது சிறுபிள்ளையும் அறிந்தது. ஆயினும் கூட்டத்தின் நடுவே வைத்து நோக்குமிடத்து அறுபது பெற்றவனே முன்னிற்கின்றான். கடின வினாத்தாள் எழுதியவன் அதனால் நட்டமடையாதிருக்கவே 2001 அளவில் இம்முறை கொணரப்பட்டது.

இம்முறையின் உயிர், 'எந்தக் கூட்டம்' என்ற வினாவில் இருக்கின்றது. 2011 ஓகஸ்ட்டிலே பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் அப்பரீட்சைக்குத் தோற்றினர். வினாத்தாள் வேறு, பயின்ற பொருளும் வேறு. இருசாராரையும் ஒரு கூட்டமாகக் கொள்ளலாமா, கொள்ளின் எவ்வாறு கணித்தல் தகும் என்பது புள்ளிவிவரவியலாரிடம் கேட்டு, மக்களுக்குத் தெளிவாக்க வேண்டிய வினா. முடிவுகள் அவ்வாண்டு டிசெம்பரில் வெளியாயின. நிலைவரிசையிற் குழப்பமும் உடன் வெளியாயிற்று. அந்நாட்களில் யான் படித்த செய்திகளுட் பெரும்பாலானவை எந்த அமைச்சர் எந்த அதிகாரியைக் கடிந்தார், எந்தச் சங்கம் எங்கே மறியல் செய்தது என்பவற்றையே விரித்தன. கணக்கு எவ்வாறு பிழைத்தது என்பதை மாணவனொருவன் தன் தாய்க்கு வாசித்துக் காட்டத் தக்கவாறு எழுதிய பத்தி, என் கண்ணிற்பட்டவரை, இரண்டு மூன்றுக்கு மேலில்லை. 2012 ஜூனிலே உயர் நீதிமன்றம் இருசாராரையும் வெவ்வேறு கூட்டங்களாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. சட்டத்தரணிகளும் நீதியரசர்களும் விளங்கிக்கொள்ளக் கூடியதாயிருந்த ஒன்றை வாசகர் விளங்கமாட்டார் என்று பத்திரிகைகள் ஏன் கருதின என்பது எனக்கு இன்றும் வியப்பே.

இதனினும் நுண்ணிய பிழையொன்று உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தைச் சார்ந்த தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003 முதற்கொண்டு மாணவர் அடைவு பற்றிய தேசிய மதிப்பீடுகளைச் செய்து அறிக்கைகள் வெளியிட்டு வந்துள்ளது. அவ்வறிக்கைகளிலே அடைவுகள் மாகாணவாரியாகவும், பாடசாலை வகைவாரியாகவும், ஆண் பெண் என்றும், மொழிமூலவாரியாகவும் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கும். தமிழ்மொழி மூலத்தாரின் சராசரி தாழ்ந்திருப்பதாக ஓர் அட்டவணை காட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனை மட்டும் பெயர்த்தெடுத்து, 'தமிழ்மொழி மூலம் கற்போர் பின்னடைவு' எனத் தலைப்பிட்டால் வாசகர் மனத்திலே பதிவது யாது? தமிழிற் கற்பதே பின்னடைவுக்கு ஏது என்பதே.

மணிமேகலையிலே அறவண அடிகள் அளவை நெறியை உணர்த்துமிடத்துப் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்பன விரிக்கப்படுகின்றன. ஏதுப்போல் தோன்றி ஏதுவாகாதது ஏதுப் போலி. புகை கண்ட இடத்து நெருப்பைக் கருதலாம். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டென்று கருதலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்புண்டு, புகையில்லை. தமிழ்மொழி மூலம் என்னும் அச்சிறு நிரலுக்குள்ளே அடங்கியிருப்போர் யாவர்? 1970களின் நடுப்பகுதி வரை தோட்ட நிருவாகங்களின் கையில் விடப்பட்டு, பின்னரே அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளின் வழிவந்த மலையகப் பிள்ளைகள் அதில் உண்டு. போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து மரநிழலிற் படித்த வன்னிப் பிள்ளைகள் உண்டு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரையே காணாத சிறு பாடசாலைகள் உண்டு. வெள்ளவத்தையிலே மாடிவீட்டில் இருந்து மூன்று தனிவகுப்புக்குச் செல்லும் பிள்ளையும் அதிலேயே உண்டு. இத்தனை வேறுபாடுகளையும் ஒருங்கே சுமந்து நிற்குஞ் சராசரியை மொழியின் தலையிற் கட்டுவது ஏதுப் போலியன்றி வேறென்ன? அதே அறிக்கையில் அடுத்த பக்கத்தில் உள்ள பாடசாலை வகை அட்டவணையையும் சேர்த்துப் படித்தல் அரை நாழிகை வேலை. அதனைச் செய்யாமையால் நிகழ்வதை யாம் வகுப்பறையிற் காண்கின்றோம். தமிழிலே நன்றாகச் சிந்திக்கத் தொடங்கிய பிள்ளையைப் பெற்றோர் ஆறாந் தரத்திலே ஆங்கிலமூல வகுப்புக்கு மாற்றுகின்றனர். இரண்டாண்டு கழிய அப்பிள்ளை இரண்டு மொழியிலும் மௌனியாகின்றது. ஆங்கிலம் வேண்டாமென்று யான் சொல்லவில்லை. பண்டிதர் என்றதும் அப்பழியைச் சுமத்துவார் உளராகலின் இதனைக் கூறிவைக்கின்றேன். தலைப்பொன்றை நம்பி மாற்றாதீர் என்பதே என் சொல்.

இப்பிழை நம் தீவுக்கு மட்டும் உரியதன்று. பதினைந்து வயது மாணவரின் ஆற்றலை நாடுகளிடையே ஒப்பிடும் பிசா என்னும் தேர்விலே, 2009ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக, இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டுமே பங்குபற்றின. முடிவு 2011 டிசெம்பரில் வெளியாயிற்று. 74 பங்காளர்களுள் தமிழ்நாடு 72ஆம் இடத்திலும் இமாசலம் 73ஆம் இடத்திலும் நின்றன. உடனே, 'இந்தியா கடைசிக்கு முன்னிடம்' என்று பத்திரிகைகள் பல எழுதின. இருபத்தெட்டு மாநிலங்களுள் இரண்டு தேர்வெழுதியிருக்க, நாடு முழுவதுக்கும் இடம் குறித்தாயிற்று! அதன்மேல் எழுந்த ஆரவாரத்தின் பின்னர் 2012, 2015, 2018 ஆகிய சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்பிலும் கணிதத்திலும் உண்மையாகவே இருந்த குறை யாது, எவ்வகை வினாக்களில் அவர்கள் இடறினர் என்ற பயனுள்ள பகுதி அவ்வாரவாரத்திலே அமுங்கிப்போயிற்று.

மேனாட்டிலே நிகழ்ந்த மற்றொன்று நகைப்புக்கிடமானது. 1993இலே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர், 36 கல்லூரி மாணவர்க்கு மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்பித்து, வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்ப்பது போன்ற சில வினாக்களைக் கொடுத்தனர். புள்ளிகள் சிறிது உயர்ந்தன. அவ்வுயர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தும் போயிற்று. ஆய்வுரை ஒரு பக்க அளவினது. 'நேச்சர்' இதழில் வந்தது. அதிலே குழந்தை என்ற பேச்சே இல்லை. செய்தியாகிக் கைமாறிக் கைமாறிச் சென்றபோது, 'மொசார்ட்டைக் கேட்கும் குழந்தை அறிவாளியாகும்' என்றாயிற்று. 1998இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்குங் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க 105,000 டொலர் கேட்டார். 2010இலே வியன்னாப் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ நாற்பது ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கி, அவ்வாறு சிறப்பாகக் கொள்ளத்தக்கது யாதுமில்லை எனக் கண்டனர். மொசார்ட் பிறந்த நாட்டவரே இவ்வாறு கூறியது பற்றி அவருக்குக் குறையொன்றும் வந்துவிடவில்லை. இசை, அறிவு வளர்க்கும் மருந்தாகாவிடினும் இசையே.

பாலர் பாடசாலைகளும் தனிவகுப்புக்களும் மலிந்த நம் நகரத்திலே இத்தகைய 'மூளை வளர்ச்சி' விற்பனைக்குக் குறைவில்லை. அவ்விற்பனையாளர் நீட்டும் துண்டுப் பிரசுரத்திலே, 'ஆராய்ச்சிகள் நிரூபித்துள்ளன' என்று எழுதியிருக்கும். எவ்வாராய்ச்சி, எவ்விடத்தில், யாரைக்கொண்டு என்று கேட்கப் பெற்றோர் பழகவில்லை. பத்திரிகைகள் கேட்டுக் காட்டியிருந்தால் அவர்களும் பழகியிருப்பர்.

மொழிபெயர்ப்பினால் நேரும் வழுவையும் ஒரு சிறிது கூறுவேன். ஆங்கில அறிக்கையிலே 'சிக்னிபிகண்ட்' என்று வருஞ் சொல்லை 'குறிப்பிடத்தக்க' என்று பெயர்க்கின்றனர். வாசகர் அதனைப் 'பெரிய' என்று கொள்கின்றார். ஆராய்ச்சியாளர் கருதியதோ, காணப்பட்ட வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருத்தல் அரிது என்பது மட்டுமே. நூறு புள்ளியிலே அரைப்புள்ளி வேறுபாடும், மாணவர் தொகை போதிய அளவு பெரிதாயின், அச்சொல்லுக்கு உரியதாகும். 'தற்செயலெனக் கொள்ளத் தகாத, ஆயினும் சிறிய வேறுபாடு' என்று எழுதினால் என்ன குறை? இரண்டு சொல் மிகும், பொருள் பிழையாது. அவ்வாறே, சித்தி 20 வீதத்திலிருந்து 30 வீதமாயிற்று என்றால், அதனை '10 வீத உயர்வு' என்பாருமுளர்; '50 வீத உயர்வு' என்பாருமுளர். பின்னையவர் சொல்லுவதும் கணக்கின்படி பிழையன்று. இருபது முப்பதாயிற்று என்று உள்ளவாறே எழுதிவிட்டால் இருசாரார்க்கும் வழக்கில்லை. 'நூறு வீதச் சித்தி' என்ற தலைப்பின் கீழே தோற்றியோர் பன்னிருவரா, முந்நூற்றிருவரா என்பதும், பத்தாந் தரத்திலே சேர்ந்தோருள் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை வந்தனர் என்பதும் ஒரு வரியிற் சொல்லத்தக்கனவே. மெலிந்த மாணவரைத் தோற்றாது தடுத்து வீதத்தை உயர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டென்பதை ஆசிரியர் அறியாதவரல்லர்.

நிருபரை மட்டும் நொந்து பயனில்லை. காலை பத்து மணிக்கு அறிக்கை வெளியாகும். மாலை நான்கு மணிக்குச் செய்தி வேண்டும். அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழாக்கம் வரும்போது வாசகர் அதனை மறந்திருப்பர். அக்குறுகிய நேரத்தில் நிருபர் செய்யக் கூடியது, செய்திக்குறிப்பை விட்டு அறிக்கையின் முறையியல் அதிகாரத்தை முதலிற் புரட்டுதல். ஆய்வாளர்களே தம் ஆய்வின் எல்லைகள் என்று எழுதிவைத்த பகுதியிலிருந்து ஒரு வாக்கியத்தையேனும் செய்தியிற் சேர்த்தல். அவ்வாய்விற் பங்கில்லாத ஒருவரிடம் தொலைபேசியிற் கேட்டல். பல்கலைக்கழகங்களிலே கல்விப் பீடத்து விரிவுரையாளர் பலர் தமிழில் விளக்க வல்லவர், கேட்பாரின்றியே இருக்கின்றனர்.

இதற்கு எதிர்ப்புறத்தில், ஆய்வு செய்யும் நிறுவனங்களுக்கும் அமைச்சுக்கும் ஒரு கடன் உண்டு. அறிக்கை வெளியாகும் அதே நாளிலே, நான்கு பக்கத்துக்கு மேற்படாத தமிழ்ச் சுருக்கமொன்றை அதனோடு வெளியிடல் வேண்டும். அதிலே தோற்றிய பாடசாலைகளின் தொகையும், தெரிந்த முறையும், மாணவரிடம் கேட்ட வினாக்களுட் சிலவும், எண்களுக்குரிய பிழையெல்லையும் இருத்தல் வேண்டும். மொழிமூல அட்டவணையை வெளியிடும் பக்கத்திலேயே பாடசாலை வகை அட்டவணையும் நிற்குமாறு செய்தல் அச்சுக்கூடத்தாருக்கு அரிய காரியமன்று. அச்சுருக்கத்தைத் தமிழில் எழுதவும் பிழைதிருத்தவும் ஆள் வேண்டுமாயின், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் பலர் வெள்ளவத்தையிலேயே இருக்கின்றனர், ஊதியமின்றியும் செய்வர்.